தரைத்தளத்தில் கடை கட்டாயமா?

கேள்வி: எங்கள் புறநகரில் பெரும்பாலும் தனி வீடுகள்தான். பிரதான சாலையோரம் நான்கு தளம் வரை அடுக்குமாடி கட்ட அனுமதிக்கலாம் என்று உள்ளாட்சி மன்றம் ஒரு வரைவுத் திட்டம் வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டடத்திலும் தரைத்தளம் முழுக்கக் கடையாகத்தான் இருக்க வேண்டுமாம். அந்தச் சாலையில் ஏற்கெனவே கட்டி முடித்த இரண்டு கட்டடங்களில் கீழே ஷட்டர் திறந்ததே இல்லை. என் மகனும் மருமகளும் இங்கே வாடகைக்கு வீடு கிடைக்காமல் வெகு தொலைவில் குடியிருக்கிறார்கள். வீடுதானே முதலில் வேண்டும் என்று கேட்டால், "கடை வந்தால்தான் சாலைக்கு உயிர்" என்கிறார் வார்டு உறுப்பினர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் கடையே கூடாது, கூட்டமும் வண்டியும் பெருகிவிடும் என்கிறார்கள். அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். நான் என்ன பேசுவது?

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கு அனுமதி கேளுங்கள், கட்டாயத்தை எதிர்த்துப் பேசுங்கள். நடத்த முடியும் என்று நம்புகிறவர் எங்கே வேண்டுமானாலும் கடை திறக்கட்டும். ஆனால் ஒவ்வொரு கட்டடத்திலும் கீழே கடை இருந்தே தீர வேண்டும் என்று விதி வந்தால், கடையும் வராது, வர வேண்டிய வீடுகளும் குறையும். நகரத் திட்டமிடல் துறையில் இருப்பவன் என்ற முறையில் இந்த விதியைப் பல வடிவங்களில் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். அதனாலேயே எதிர்த்துப் பேசுவது கடினமாக இருக்கிறது.

உங்கள் வார்டு உறுப்பினர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டே பேசுங்கள். நீளமான மதில், கார் நிறுத்துமிடத்தின் கம்பிக் கதவு, மின்மாற்றி அறை, குப்பை அறை என்று வரிசையாக வந்தால் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் யாரும் நடக்க மாட்டார்கள். சன்னலும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தால் பெண்களும் முதியவர்களும் தைரியமாக நடப்பார்கள். இதை விரும்புவது நியாயம்தான். அவர் இடறுவது அடுத்த படியில். கடை வந்தால் ஆள் வரும் என்று நினைக்கிறார். புறநகரில் பெரும்பாலும் அது தலைகீழாகத்தான் நடக்கிறது: ஆள் இருந்தால்தான் கடை வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நிமிட நடை என்பது ஏறத்தாழ 400 மீட்டர். அதை ஆரமாக வைத்து வட்டம் போட்டால் 50 ஹெக்டேர் வரும். தனி வீட்டுப் புறநகர் ஒன்றில் சாலை, பூங்கா, பள்ளி எல்லாம் சேர்த்து ஹெக்டேருக்கு 10 முதல் 15 வீடு என்று வைத்துக்கொள்வோம். வட்டத்துக்குள் 500 முதல் 750 குடும்பங்கள். அன்றாடப் பொருள் விற்கும் ஒரு சின்னக் கடை தாக்குப்பிடிக்கச் சுமார் 1,000 குடும்பங்கள் வேண்டும் என்பது சில்லறை வணிகத் திட்டமிடலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதாவது ஒரே ஒரு சின்னக் கடைக்கே இழுபறி.

சரி, புதுக் கட்டடங்களில் ஆள் வருவார்களே என்று கேட்பார்கள். ஒரு கட்டடத்தில் 40 வீடு என்றால் 1,000 குடும்பம் சேர 25 கட்டடம் எழும்ப வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் 400 சதுர மீட்டர் கடை கட்டாயம் என்றால், அந்த 25 கட்டடங்களில் மொத்தம் 10,000 சதுர மீட்டர் கடை சேர்ந்துவிடும். சின்னக் கடை, மருந்துக்கடை, முடிதிருத்தகம், தையற்கடை என்று தாராளமாக எண்ணி, சாலையில் போய்வருபவர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் குடும்பங்களால் 2,000 சதுர மீட்டர் நிரம்பும் என்று வைத்தாலும் மிச்சம் 8,000 காலி. வாரச் சாமான்களைப் பெரிய அங்காடியிலும் ஆன்லைனிலும் வாங்கப் பழகியவர்களை நினைத்தால் இதுவும் தாராளமான கணக்குதான். இந்தக் கணக்கை உங்கள் பகுதியின் எண்களோடு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டாலே போதும், மன்றத்தின் திட்ட அலுவலர் மறுக்க முடியாத வாதம் அது.

அப்புறம், அந்த இரண்டு கட்டடங்கள். "காலியாகவே கிடப்பதற்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்தால் என்ன?" என்று எல்லாருக்கும் தோன்றும். கடைப்பகுதியின் மதிப்பை அதன் ஆண்டு வாடகையை வைத்துத்தான் கணிக்கிறார்கள். கட்டடத்தின் மேல் வாங்கிய கடனும் அந்த மதிப்பை நம்பித்தான் நிற்கிறது. பாதி வாடகைக்கு ஒப்பந்தம் போட்டால் மதிப்பும் ஏறக்குறைய பாதியாகிவிடும். கடன் கொடுத்தவர் கேள்வி கேட்பார். ஷட்டர் மூடியே கிடந்தால், இன்ன வாடகை எதிர்பார்க்கிறோம் என்று பழைய எண்ணையே ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கலாம். அதனால் பல உரிமையாளர்களுக்கு மலிவாக விடுவதைவிடக் காலியாக வைத்திருப்பது லாபமாகவோ, குறைந்தபட்சம் நஷ்டம் வெளியே தெரியாததாகவோ இருக்கிறது.

இன்னொரு காரணம் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். முடிந்தால் கூட்டத்துக்கு முன்பு ஒருமுறை அந்தக் கட்டடங்களின் முன்னால் நின்று பாருங்கள். உள்ளே தரையிலிருந்து கூரை எவ்வளவு உயரம்? கடைக்கு நான்கு, நாலரை மீட்டர் வேண்டும். வீட்டு உயரமான மூன்று மீட்டரில் குழாயும் விளக்கும் போட்டால் தலையில் இடிக்கும். ஆழம் எவ்வளவு? ஐந்தாறு மீட்டர்தான் என்றால் பொருள் அடுக்கவும் கிடங்கு வைக்கவும் இடமிருக்காது. நடைபாதையிலிருந்து உள்ளே போகப் படி இருக்கிறதா? நட்ட நடுவில் தூண் நிற்கிறதா? நிலத்தடி கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவுப்பாதை முகப்பில் பாதியை விழுங்கியிருக்கிறதா? அடுத்து ஒன்று, பெரும்பாலானவர்கள் கவனிக்காதது: சமையல் புகையைக் கூரைக்கு மேல் கொண்டுபோகும் குழாய்ப்பாதை. அது இல்லாத இடத்தில் உணவகம் நடத்த முடியாது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் மேலே மூன்று குடும்பங்களின் படுக்கையறைகளைக் குடைந்துகொண்டு போக வேண்டும். புறநகரில் நாள் முழுக்க ஆளை இழுக்கக்கூடிய தொழில்களில் முதன்மையானது உணவகம். அதற்கு வழியில்லாமல் கட்டிய கடையை வாடகைக்கு எடுக்க ஆள் தேடுவது கடினம்.

விதி கேட்கிறதே என்று பெயருக்குக் கட்டிய கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. நடத்தப்போகும் கடைக்காரர் யார் என்றே தெரியாமல், அனுமதி வாங்குவதற்காக வரைந்த கடை அது.

இதில் வீட்டுக்கு என்ன நஷ்டம் என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். நஷ்டம் பல வழிகளில் வருகிறது. கடைப்பகுதியிலிருந்து வாடகை வரும் என்று நம்பாத கட்டுநர் அதன் செலவை மேலே இருக்கும் வீடுகளின் மேல் ஏற்றுகிறார். கணக்கு ஒத்துவராவிட்டால் கட்டாமலே விட்டுவிடுகிறார். கட்டாமல் போன கட்டடம் யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால் அதைப் பற்றி யாரும் மன்றத்தில் கேட்பதும் இல்லை. அடுத்தது உயரம். உங்கள் வரைவில் நான்கு தளம் என்பதோடு நின்றிருக்கிறதா, அல்லது மீட்டரில் உச்சவரம்பும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 12 மீட்டர் என்று எழுதியிருந்தால், மூன்று மூன்று மீட்டராக நான்கு தள வீடு கட்டலாம். தரைத்தளம் நாலரை மீட்டர் ஆகிவிட்டால் அதற்கு மேல் இரண்டு தளம்தான் அடங்கும். கீழ்த்தளம் கடைக்குப் போனது, மேல்தளம் வரம்புக்கு மேலே போனது. நான்கு தள வீடு என்று அறிவித்த திட்டம் நடைமுறையில் இரண்டு தள வீட்டைத்தான் தரும். இப்படி ஒரு எண் ஒளிந்திருப்பதை வரைவு எழுதியவர்களே கவனிக்காமல் விட்டிருக்கக்கூடும்.

வண்டி நிறுத்துமிட விதியையும் சேர்த்துப் படியுங்கள். 25 சதுர மீட்டர் கடைக்கு ஒரு கார் என்று இருந்தால் 400 சதுர மீட்டருக்கு 16 கார். திருப்பி எடுக்கும் வழியையும் சேர்த்து ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் பிடிக்கும். ஆக, கார் நிறுத்துமிடம் கடை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஆகிவிடும். நடந்து வரும் வாடிக்கையாளருக்காகக் கடை வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, காரில் வருபவர்களுக்காக நிலத்தை ஒதுக்கச் சொல்வது முரண். இப்படிப்பட்ட குறைந்தபட்சக் கார் எண்ணிக்கை விதியைப் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் எடுத்தது. நியூசிலாந்து அரசு 2020-இல் ஒரு தேசியக் கொள்கை அறிக்கை மூலம் நகர்ப்புற மன்றங்கள் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னது.

இவ்வளவு இருந்தும் உள்ளாட்சி மன்றங்கள் ஏன் கடைமேல் பிடிவாதமாக நிற்கின்றன? இதைப் புரிந்துகொள்ளாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

பெரிய காரணம் பணம். வீடு வந்தால் குழாய், சாக்கடை, பள்ளி, பூங்கா என்று செலவு வருகிறது. கடை வந்தால் வரி வருகிறது என்பது பல மன்றங்களின் எண்ணம். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கலிபோர்னியா. அங்கே 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. சொத்து கைமாறாதவரை வரிக்கான மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவும் முடியாது. ஆனால் விற்பனை வரியில், விற்பனை மதிப்பின் 1 சதவீத அளவு, விற்பனை நடந்த ஊருக்கே போய்ச் சேரும். விளைவு என்னவென்று சொல்லவே வேண்டாம். பல புறநகர் மன்றங்கள் அங்காடிகளையும் கார் விற்பனையகங்களையும் வரவேற்றன, வீட்டுக்கு நிலம் ஒதுக்கத் தயங்கின. பல பத்தாண்டுகள் வீட்டுப் பற்றாக்குறை முற்றிய பிறகு, மாநிலமே 2022-இல் சட்டம் போட்டு, வணிகத்துக்கென ஒதுக்கிய சாலையோர நிலங்களில் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு வீடு கட்ட வழிவிட்டது. 2023 ஜூலை முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் திட்டத்தை, தனக்குப் பிடிக்கவில்லை என்று உள்ளாட்சி தடுக்க முடியாது.

உங்கள் மன்றத்துக்கு வருமானம் எப்படி வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனை வரியில் பங்கே இல்லாத மன்றங்கள்கூடப் பழக்கத்தில் "கடை என்றால் வருமானம்" என்று பேசுவதுண்டு. காலிக் கடையிலிருந்து வருமானம் வராது என்பதையும், நான்கு தளமும் வீடாக நிரம்பிய கட்டடத்திலிருந்து சொத்து வரி தவறாமல் வரும் என்பதையும் அவர்கள் பட்ஜெட்டை வைத்தே காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு காரணம் பயம், அது நியாயமான பயம். வணிக நிலத்தை ஒருமுறை வீடாக மாற்றிவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பது. வீடு வாங்கியவர்கள் பலர், உரிமைகள் சிதறிவிடும், மீண்டும் ஒன்றுசேர்ப்பது நடக்காத காரியம். இங்கிலாந்தில் 2013-இல் அலுவலகங்களையும் 2021-இல் கடை உள்ளிட்ட வணிகக் கட்டடங்களையும் முழுமையான திட்ட அனுமதி இல்லாமலே வீடாக மாற்றிக்கொள்ள அரசு வழிசெய்தபோது, பல மன்றங்கள் எதிர்த்தன. சில மன்றங்கள் தங்கள் கடைத்தெருக்களுக்கு விலக்கு வாங்கின. அவர்கள் எதிர்ப்பில் காரணமும் இருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அப்படி மாற்றிய சில கட்டடங்களில் சன்னல்கூட இல்லாத, மிகச் சின்ன வீடுகள் வந்தன. 2020-இல் வெளிச்சத்துக்கும் 2021-இல் குறைந்தபட்சப் பரப்புக்கும் விதி கொண்டுவந்துதான் அதைச் சரிசெய்தார்கள். ஆகவே "கட்டாயத்தை எடுங்கள்" என்று கேட்கும்போது "எதை வேண்டுமானாலும் கட்டட்டும்" என்று கேட்பதாக அவர்களுக்குத் தோன்றக்கூடாது.

உங்கள் சங்கத்தில் கடையே கூடாது என்கிறவர்களிடமும் இரண்டு வார்த்தை. வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கும் அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் உறுதி செய்தது. அந்த வழக்கே கிளீவ்லாந்து நகரத்தின் புறநகரான யூக்ளிட் என்ற ஊரைப் பற்றியது. அந்தப் பிரிவினையின் பலன்தான் ஒரு சோப்புக்கட்டி வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டிய புறநகர்கள். ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே மிகக் கண்டிப்பான தாழ்தள வீட்டு மண்டலத்தில்கூட, வீட்டோடு சேர்ந்த சின்னக் கடைக்கு இடமுண்டு. கடைப்பகுதி 50 சதுர மீட்டருக்குள்ளும் மொத்தப் பரப்பில் பாதிக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். அனுமதி இருக்கிறது, கட்டாயம் இல்லை. அதனால் தெருவே கடைத்தெருவாக மாறிவிடவும் இல்லை. உங்கள் சங்கத்தார் பயப்படும் கூட்டமும் லாரியும் பெரிய அங்காடியால் வருவது, 50 சதுர மீட்டர் கடையால் வருவதில்லை. பரப்புக்கும் கடை நேரத்துக்கும் சரக்கு இறக்கும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள் என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கையில் நீங்களும் கையெழுத்துப் போடலாம்.

சரி, மன்றத்திடம் என்ன கேட்பது?

கட்டாயம் வேண்டும் என்றால் அதைச் சாலை முழுக்க விரிக்காமல், பேருந்து அல்லது ரயில் நிறுத்தத்தையும் முக்கியச் சந்திப்பையும் ஒட்டி ஒரு குறுகிய நீளத்துக்கு, இருநூறு மீட்டர் அளவுக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று வாடிக்கையாளரைக் கொடுக்கும். இரண்டு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடந்தால் எதுவும் தேறாது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970-களிலிருந்து பெரும்பாலான கட்டடங்களின் கீழ்த்தளத்தை "வாய்ட் டெக்" என்று திறந்த வெளியாகவே விட்டு, கடைகளை வட்டார மையங்களில் சேர்த்து வைத்தது. அந்தத் திறந்த வெளிகளில் சில இடங்களில் முதியோர் மையமும் பாலர் பள்ளியும் வந்தன. தரைத்தளத்துக்கு உயிர் கொடுக்கக் கடை ஒன்றுதான் வழி என்பதில்லை.

அதனால், அந்த இருநூறு மீட்டருக்குள்ளும் "கடை" என்ற வரையறையை அகலமாக்கச் சொல்லுங்கள். மருத்துவரின் கிளினிக், குழந்தைகள் காப்பகம், பயிற்சி வகுப்பு, சின்ன அலுவலகம், நூலகக் கிளை, பழுதுபார்க்கும் பட்டறை எல்லாம் அதில் அடங்கட்டும். இங்கிலாந்து 2020-இல் கடை, உணவகம், அலுவலகம், கிளினிக், குழந்தைகள் காப்பகம் எல்லாவற்றையும் ஒரே பயன்பாட்டு வகுப்புக்குள் கொண்டுவந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற அங்கே தனித் திட்ட அனுமதி தேவையில்லை. மூடிக் கிடக்கும் உங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் உடனடி மருந்து இதுதான். புது விதி வரும்வரை காத்திருக்காமல், அவற்றுக்கு மட்டும் தற்காலிகப் பயன்பாட்டு அனுமதி கேட்கலாம்.

அந்த நீளத்துக்கு வெளியே தரைத்தளம் வீடாகவே இருக்கட்டும். ஆனால் சாலையைப் பார்த்த வீட்டுக்கு அதற்குரிய அமைப்பு வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நடைபாதையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தரைமட்டத்தை அரை மீட்டருக்குச் சற்று மேல் உயர்த்தி, சாலைப் பக்கம் சன்னலும் தனி வாசலும் வைத்துக் கட்டினால், உள்ளிருப்பவருக்கு மறைவு கிடைக்கும், நடப்பவருக்குத் துணை கிடைக்கும். சக்கர நாற்காலிக்குப் படியில்லாத வழி பின்பக்கமோ பொது வாசலிலோ அவசியம் இருக்க வேண்டும். மதிலும் கார் கதவும் முகப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் வரக்கூடாது என்று விதி எழுதுங்கள் என்று கேளுங்கள். வார்டு உறுப்பினர் விரும்பும் உயிரோட்டத்துக்கு இந்த ஒரு விதியே பெரும்பகுதி வழிசெய்துவிடும்.

எதிர்காலத்தில் வணிகம் பெருகினால்? மன்றத்தின் பயத்துக்கு இங்கேதான் பதில். மூலைமனைகளில் மட்டும், பின்னாளில் கடையாக மாற்றிக்கொள்ளும்படி நாலரை மீட்டர் உயரமும் புகைக்குழாய்ப்பாதையும் வைத்துக் கட்டட்டும். அப்படிக் கட்டுகிறவருக்கு உயர வரம்பில் ஒன்றரை மீட்டர் கூட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டிக் கொடுக்காமல் கேட்டால் மறுபடியும் ஒரு தள வீடு போய்விடும்.

பேசுவது பற்றி ஒரு விஷயம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 97 ஊர்களில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். புது வீடுகளைப் பற்றிப் பேசியவர்களில் ஆதரித்தவர்கள் சுமார் 15 சதவீதம்தான். பேச வந்தவர்களும் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். வீடு தேவைப்படுகிறவர் இன்னும் அந்த ஊருக்குக் குடியே வரவில்லை, அவருக்கு அங்கே ஓட்டும் இல்லை. இது எனக்கு எப்போதும் மனத்தை உறுத்தும் விஷயம். சொந்த வீடு உள்ள, மூத்த குடியிருப்பாளரான நீங்கள் எழுந்து "எங்கள் சாலையில் வீடு வேண்டும்" என்று சொன்னால் அந்த அறையில் அதற்குத் தனி எடை உண்டு. மகனும் மருமகளும் நேரில் வர முடியாவிட்டால் எழுத்தில் கருத்து அனுப்பலாமா என்று மன்ற அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் முழு விவரத்தையும் கடைசித் தேதிக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வரைவின் எந்தப் பிரிவு, அதில் எந்த வாக்கியம், அதற்குப் பதில் என்ன வாக்கியம் வேண்டும் என்று எழுதுங்கள். "கடை வேண்டாம்" என்ற மனுவைக் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். மாற்று வாக்கியம் எழுதிய மனுவுக்கு அலுவலர் பதில் எழுதியே ஆக வேண்டியிருக்கும். வணிக இடம் எவ்வளவு காலி என்ற கணக்கு மன்றத்திடம் இருக்கிறதா என்று அந்த மனுவிலேயே கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், எந்தக் கணக்கும் இல்லாமல் கட்டாயத்தைக் கொண்டுவருகிறார்கள் என்பது பதிவாகிவிடும்.

திருத்திய வரைவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். உயரம், கார் எண்ணிக்கை, பயன்பாட்டு வரையறை ஆகிய மூன்று பிரிவுகளையும் சேர்த்துப் படித்துப் பார்த்து எழுதுகிறேன்.